நாலு விரல் லூஸ்

இருபத்தாறு வருஷமாக டேப்பை நம்பிப் பிழைத்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக டேப்பைத் திட்டினாள்.

"சனியன் பிடிச்ச டேப்பு. இழுத்து இழுத்து நீண்டு தொலைஞ்சிருக்கு" என்று கழுத்தில் கிடந்ததை உருவி மிஷின் மேல் எறிந்துவிட்டு, டிராயரைக் குடைந்து, பாக்கெட் பிரிக்காத புது டேப் ஒன்றை எடுத்தாள். துணி டேப் நாள்பட நீண்டுவிடும். நீண்ட டேப்பால் அளந்தால் ஆள் இளைத்த மாதிரி காட்டும். தையல் மிஷினில் கால் வைத்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆகவே தப்பு டேப் பேரில்தான், வேறு எதன் பேரிலும் இல்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு தம்பியை மறுபடி நிற்க வைத்தாள்.

"கையைத் தூக்குடா பீப்பா."

தம்பி கையைத் தூக்கினான். நாலு தெரு தள்ளி இருக்கிற பேக்கரியில் அவன்தான் மாஸ்டர். பொழுது விடிவதற்குள் அடுப்பு முன்னால் போய் நின்றால், வெயில் ஏறுகிறபோதுதான் வெளியே வருவான். அஞ்சு வயசில் ஒட்டிய பேர் பீப்பா. அம்மா கூப்பிட்டாள், பள்ளிக்கூட வாத்தியார் கூப்பிட்டார், கல்யாணப் பத்திரிகையில் போடாதது ஒன்றுதான் பாக்கி. அவனுக்கும் அதில் ஒரு பெருமைதான். பேருக்கேற்ற உடம்பு. கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்தால் கடையில் வெளிச்சம் கொஞ்சம் குறையும்.

புது டேப் மார்பைச் சுற்றி வந்து முன்னால் சேர்ந்தது. நாற்பத்துநாலு.

அவள் அளவு நோட்டைப் புரட்டினாள். போன வருஷப் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: மார்பு 46, வயிறு 48, கழுத்து பதினேழரை.

"என்னடா இது?"

"எது?"

"ரெண்டு இஞ்ச் குறையுது. வயித்துல நாலு. மேலயும் கீழயும் ஒரே அளவா உன்னை நான் பாத்ததே இல்லையே."

"நல்லதுதானேக்கா. உன் தம்பி ஹீரோ ஆயிட்டான்." அவன் சிரித்தான். "அவதான். சாப்பாட்டைப் பாதியா குறைச்சுட்டா. எண்ணெய் இல்ல, சர்க்கரை இல்ல. எதோ புஸ்தகத்துல படிச்சாளாம்."

அவ என்றால் அவன் பெண்டாட்டி. லைப்ரரியில் வேலை. எந்தக் கருமத்தையும் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து நிற்பாள் என்பது அக்காளின் பல நாள் குறை. அதனால் இந்தக் கதையை அவள் அப்படியே நம்பினாள். நம்பினதோடு இல்லாமல் அவளுக்கு நெஞ்சில் ஒரு நிம்மதிகூட வந்தது. டேப் பேரில் போட்ட பழியை எடுத்து நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் இடையில் வழக்கமாக ஓடுகிற கணக்கில் போட்டாயிற்று, இனி கவலைப்பட ஒன்றுமில்லை.

"அந்த மகராணிக்கு என்ன தெரியும்? அடுப்பு முன்னால நிக்கறவன் பட்டினி கிடந்தா என்னாகும்?"

"நீயே போன் பண்ணிக் கேளேன்."

"நானா? என் கால் தூசியும் கேக்காது."

விஷயம் இதுதான். எட்டு மாசத்துக்கு முன்னால் லைப்ரரி ஆண்டு விழாவுக்கு என்று ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள் தம்பி பெண்டாட்டி. கை அரை இஞ்ச் பிடித்தது. "அண்ணி, உங்க டேப்பு சரியா இருக்குமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது மெதுவாகத்தான். ஆனால் கடையில் அப்போது மூன்று வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். "டேப்பு சரியாத்தான் இருக்கு, கைதான் பெருத்துப் போச்சு" என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான். அரை இஞ்சில் எட்டு மாசம் பேச்சு நின்றுபோயிற்று. நடுவில் தம்பிதான் தபால் மாதிரி இங்கே சொல்வதை அங்கேயும் அங்கே சொல்வதை இங்கேயும் சுமந்துகொண்டிருந்தான்.

"சரி, சட்டைக்கு வா" என்றான் தம்பி. பையிலிருந்து துணியை எடுத்து மேஜை மேல் வைத்தான். லினன். உமி நிறம். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் லேசாக நெருடும், உள்ளங்கையில் வைத்தால் குளுகுளு என்று இருக்கும், அசல் சரக்கு. "அடுப்புச் சூடு தாங்கலைக்கா. இந்த வெயிலுக்கு நல்லா காத்தோட்டமா வேணும். அரைக்கை. இறுக்கமே கூடாது. நல்ல லூஸா தை."

"நீ இறுக்கமா போடறவனாச்சே. பட்டன் தெறிக்கத் தெறிக்கப் போடுவ."

"இப்ப லூஸ்தான் ஃபேஷன்."

அவன் கொண்டுவந்த பேக்கரிப் பொட்டலமும் மேஜை மேல் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் வேலை முடிந்து போகிறபோது ஆறு பன் வாங்கிக்கொண்டு வருவான். நாலு தெரு தாண்டுவதற்குள் ரெண்டு அவன் வயிற்றுக்குள் போயிருக்கும். "ஆறுன்னு சொல்லி நாலைக் கொடுக்கற யோக்கியன் நீ ஒருத்தன்தான்" என்று அவள் திட்டாத நாள் இல்லை. அன்றைக்குப் பிரித்துப் பார்த்தால் ஆறும் இருந்தது.

"அட, மனுஷனாயிட்டியே" என்றாள் அவள், சந்தோஷமாக.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து இருந்தான். அவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அது பொடிசு, தாங்காது என்று எப்போதும் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவன்.

அவன் போனபிறகு அவளுக்கு வேலையே ஓடவில்லை. கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு முன்னறை, ஒரு பின்னறை. ஒரு பக்கம் கடிகாரம் ரிப்பேர், இன்னொரு பக்கம் ஜெராக்ஸ். முன்னறையில் ரெண்டு மிஷின், வெட்டுகிற மேஜை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. பின்னறையில் அயர்ன் பெட்டியும் நீல வாளியும். அலமாரியின் அடித்தட்டில் பழைய அளவு நோட்டுகள். அதில் முதல் நோட்டை அவள் எடுக்கவே மாட்டாள். எடுக்காவிட்டாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அது அப்பாவின் பக்கம். அவள் தையல் பழகின புதுசு. அப்பா தன் சட்டையைக் கொண்டுவந்து, "துணி நைஞ்சு தொளதொளன்னு ஆயிடுச்சும்மா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடி" என்பார். பிடித்துக் கொடுத்தாள். ரெண்டு மாசம் கழித்து மறுபடி பிடித்துக் கொடுத்தாள். கை நேர்த்தியாக வருகிறது என்று அவர் மெச்சினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை எப்போதும் கச்சிதமாக இருந்ததால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே வருஷத்தில் நாலு தடவை பிடித்தாள். அஞ்சாவது தடவைக்கு அவர் இல்லை. துணி நைந்தால் கிழியுமே தவிரப் பெருக்காது என்று அவளுக்கு யாரும் அப்போது சொல்லித் தரவில்லை. புரிந்தபோது பாவி மனசு ஆறவேயில்லை.

"சே, வாயைக் கழுவு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், வாயைத் திறக்காமலே. அவனைப் பட்டினி போட்டிருக்கிறாள் அந்த லைப்ரரிக்காரி, அவ்வளவுதான். நினைத்த நேரத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வதே இந்தப் பழைய ஞாபகத்துக்கு வேலையாகப் போயிற்று.

மனசு இப்படி அலைபாய்ந்தால் கையைக் கட்டிப்போடுவதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். துணியை மேஜையில் விரித்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். மார்பு நாற்பத்துநாலோடு ஆறு சேர்த்து ஐம்பது. அவள் லூஸ் சட்டைக்குக் கணக்கு நாலு விரல். சட்டையை ஆளுக்குப் போட்டுவிட்டு, தளர்ச்சியை எல்லாம் ஒரு பக்கமாக இழுத்து அக்குளுக்குக் கீழே மடித்துப் பிடிப்பாள். அந்த மடிப்பில் அவள் நாலு விரல் அகலம் நிற்க வேண்டும். மூன்று நின்றால் இறுக்கம், அஞ்சு நின்றால் கோமாளி. அந்தத் தெருவில் நாலு விரலக்கா என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூட கடையைக் காட்டும்.

லினன் சொன்ன பேச்சுக் கேட்காது. கத்தரி போன வழியில் போகாமல் நழுவும். வெட்டின ஓரம் பிரிபிரி என்று நூல் விடும். அவள் ஓரத்தை எல்லாம் உள்ளே மடித்து ரெட்டைத் தையல் போட்டாள். ஷோல்டருக்குப் பின்னால் ஒரு மடிப்பு வைத்தாள், கையை வீசி மாவு பிசைய வசதியாக. காலருக்குள் கேன்வாஸ் வைக்காமல் அதே துணியை வைத்தாள், கழுத்தில் உரசாமல் இருக்கும் என்று. பட்டன் பட்டியில் ஏழு காஜா, ஏழையும் கையாலேயே எடுத்தாள். ஊசி குத்துகிற ஒவ்வொரு தடவையும் 'நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு' என்று உள்ளே ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தது. பித்தளைப் பட்டன் கேட்டிருந்தான். அது கனம், துணியை இழுக்கும் என்று சிப்பிப் பட்டன் வைத்தாள்.

மூன்றாம் நாள் வந்து போட்டுப் பார்த்தான். அக்குளுக்குக் கீழே இழுத்துப் பிடித்தாள். பிசகாமல் நாலு விரல்.

கண்ணாடியில் அவன் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்னால் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "ஒண்ணும் தெரியலைல்ல?" என்று கேட்டான்.

"என்ன தெரியணும்?"

"இல்ல, தையல் தெரியலைல்லன்னேன். அவ்வளவு சுத்தமா இருக்கு."

சட்டையைக் கழற்றாமல் அப்படியே போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பின்னறையில் அயர்ன் பெட்டிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். துணி நனைக்கிற நீல வாளி காய்ந்து கிடந்தது. வாளிக்குள் ஒரு சிலந்தி வலைகூடப் பின்னிவிட்டது. அவள் துணியை நனைக்கவேயில்லை.

லினனை நனைக்காமல் வெட்டுகிறவள் தையல்காரியே இல்லை. வந்த துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணி, சுருங்குகிறதெல்லாம் சுருங்கின பிறகுதான் கத்தரியைத் தொட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் தவறினதில்லை. மீதித் துண்டில் பத்து இஞ்சுக்குக் கோடு போட்டு வெட்டினாள், தண்ணீரில் முக்கினாள், காய வைத்தாள், அளந்தாள். ஒன்பதரைக்கு ஒரு நூல் மேலே. அப்படியென்றால் ஐம்பது இஞ்ச் சட்டை ஒரு துவையலில் நாற்பத்தெட்டாகும். நாலு விரல் ரெண்டரை விரலாகும். அடுத்த வாரமே அவன் வந்து நிற்பான், "என்னக்கா, லூஸா கேட்டா பட்டன் இழுக்கற மாதிரி தைச்சுக் கொடுத்திருக்க" என்று. அந்த லைப்ரரிக்காரி காதுக்கும் போகும். உங்க டேப்பு சரியா இருக்குமா அண்ணி.

முதலில் அவளுக்கு மானமே போன மாதிரி இருந்தது. ராத்திரி படுத்தபிறகுதான் வேறொன்று தோன்றிற்று. அவன் வரட்டுமே. வந்து சண்டை போடட்டுமே. சட்டை இறுக்குகிறது என்று அவன் சொன்னால் அவனிடம் உடம்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? டேப்பை வைத்துக் கண்டுபிடிக்கத் துணிவில்லாததை இந்தச் சுருங்கின சட்டை சொல்லிவிடும். தம்பி திட்டுவதற்காக ஒரு அக்கா வேண்டிக்கொண்டு படுத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஒரு வாரம் ஆயிற்று. அவன் வரவில்லை. பன்னும் வரவில்லை. போன் பண்ணினால், "வேலை ஜாஸ்திக்கா" என்றான்.

"சட்டை எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்கு."

"துவைச்சியா?"

"துவைக்காம போடுவாங்களா?"

"பிடிக்கலையே?"

"ஒண்ணும் பிடிக்கல. வைக்கிறேன்க்கா, மாவு பொங்கிடும்."

இன்னும் அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ள வழி தேடினாள். பச்சைத் தண்ணியில் அலசிப் போட்டிருப்பான், நன்றாகத் துவைத்திருக்க மாட்டார்கள், லைப்ரரிக்காரிக்குத் துவைக்கத் தெரிந்தால்தானே.

மூன்றாவது வாரம் தபால்காரர் தன் பேண்ட்டில் ஜிப் மாற்ற வந்தார். ஊர் வம்பை எல்லாம் கடிதத்தோடு கொண்டுவந்து கொடுக்கிற மனுஷர். ஜிப்பை மாற்றுகிறவரை சும்மா இருக்கமுடியாமல், "பேக்கரி மாஸ்டருக்கு என்னம்மா? இப்பல்லாம் ஸ்டூல் போட்டு உக்காந்துல்ல மாவு பிசையறார்" என்றார்.

"கால்ல எதாவது இருக்கும்."

"இருக்கும் இருக்கும். கேட்டா கால் வலின்னுதான் சொன்னார். ஆனா சட்டை ஜம்முன்னு போட்டிருக்கார். நீங்க தைச்சதுதானே? காத்துல பாய்மரம் கணக்கா ஆடுது."

அவள் ஊசியை நிறுத்தினாள். மிஷினை மிதித்த கால் தானாகவே நின்றது.

"ஆடுதா?" என்றாள்.

"நல்லா லூஸா இருக்கே. அதைச் சொன்னேன்."

அதற்குப் பிறகு தபால்காரர் என்னென்னவோ சொன்னார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. ஆடக்கூடாது. ரெண்டு வாரம் துவைத்த அந்தச் சட்டை ஆடவே கூடாது. அவர் போனதும் அவள் தம்பிக்குப் போன் பண்ணி, நாளைக்கு வேலை முடிந்ததும் நேரே கடைக்கு வரவேண்டும், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வரவேண்டும், வராவிட்டால் அவளே பேக்கரிக்கு வந்து நிற்பாள் என்று சொன்னாள். அவன் சரி என்றான்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் கதவு திறந்தது. அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நிமிர்ந்து பார்த்தாள், ஏனென்றால் கடையில் வெளிச்சம் குறையவில்லை.

அந்த உமி நிறச் சட்டைதான். துணி நன்றாக மெத்தென்று ஆகியிருந்தது. துவைக்கத் துவைக்கத்தான் லினனுக்கு அந்தக் குழைவு வரும். கீழ் ஓரம் ஒரு இஞ்சுக்கு மேல் ஏறி பேண்ட் பாக்கெட்டின் வாய் தெரிந்தது. அரைக்கையும் முழங்கையை விட்டு மேலே ஏறியிருந்தது. சட்டை சுருங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தமாத்திரத்திலேயே அவள் கண் சொல்லிவிட்டது. ஆனால் மார்பிலும் வயிற்றிலும் அது அன்றைக்குக் கண்ணாடி முன்னால் தொங்கின மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை துவைச்ச?"

"நாலஞ்சு இருக்கும். ஏன்க்கா, எதாவது தப்பா?"

அவள் கிட்டே போய் அக்குளுக்குக் கீழே துணியை இழுத்துப் பிடித்தாள். விரலை வைத்தாள். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு.

பிசகாமல் நாலு விரல்.

அவள் கை அங்கேயே நின்றது. துணிக்கு அந்தப் பக்கம் விலா எலும்பு அவள் விரல் முட்டியில் இடித்தது. சின்ன வயசில் குளிப்பாட்டிவிட்ட காலத்தில்கூட இந்தப் பயல் உடம்பில் எலும்பைத் தொட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடா."

"வேணாம்க்கா."

அவள் மேலிருந்து ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினாள். அவன் தடுக்கவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். சட்டையைக் கொண்டுபோய் மேஜையில் விரித்து அளந்தாள். நாற்பத்தெட்டு. திரும்பி வந்து பழைய டேப்பால் அவன் மார்பை அளந்தாள். நாற்பத்திரெண்டு. புது டேப்பை எடுத்து அளந்தாள். அதுவும் நாற்பத்திரெண்டு.

"நான் துணியை நனைக்காம தைச்சுட்டேன்" என்றாள். "சட்டை ரெண்டு இஞ்ச் சுருங்கியிருக்கு. மூணு வாரத்துல நீயும் கூடவே ரெண்டு இஞ்ச் சுருங்கியிருக்க."

அவன் பனியனை இழுத்து விட்டுக்கொண்டான். அப்போதுதான் பெல்ட்டைப் பார்த்தாள். கடையில் வாங்கும்போது இருந்த அஞ்சு ஓட்டைக்கு அப்பால், பழுக்கக் காய்ச்சின கம்பியால் குத்தினது மாதிரி இன்னும் நாலு ஓட்டை. கடைசி ஓட்டையின் விளிம்பு புதுசாகக் கருகியிருந்தது. பேண்ட் இடுப்பை மடித்து ரெண்டு ஊக்கு குத்தியிருந்தான்.

"இதுக்காகத்தான் லூஸா கேட்டியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"எவ்வளவு நாளா?"

"மழை விட்டதுலேர்ந்து. சாப்பிட்டா உள்ள நிக்கமாட்டேங்குதுக்கா. வாசனையே பிடிக்கல. ரொட்டி வாசனையே பிடிக்கலேன்னா பாத்துக்கோயேன்."

"அவ சாப்பாட்டைக் குறைச்சான்னு சொன்னியே."

"அவ எங்க குறைச்சா. அவ பாட்டுக்கு ஆக்கி வச்சுட்டுத்தான் வேலைக்குப் போறா. நான் போற நேரம் அவ தூங்குவா. அவ வர்ற நேரம் நான் தூங்கிடறேன். கேட்டா, அக்கா கடையில தினம் சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன்னு சொல்லியிருக்கேன். அக்கா ஆக்கிப் போடறது உனக்குப் பிடிச்சிருக்கு, நான் ஆக்கறது பிடிக்கலைன்னு அவளுக்கு ஒரே கோவம்."

"அவகிட்ட என் பேரு. என்கிட்ட அவ பேரு."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்றான் அவன். குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை இஞ்ச் ஜாக்கெட் கைக்குள்தான் இவன் இத்தனை நாளாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான். அவளை யாராவது அந்த நேரத்தில் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா எதாவது பேர் சொல்லிடுவாங்கக்கா. பேர் சொல்லிட்டா அது நம்ம கூடவே வந்து உக்காந்துக்கும். டாக்டர் வியாதிக்குப் பேர் சொல்ற வரைக்கும் அப்பா நடந்துட்டுத்தானே இருந்தார்?"

"நான் சட்டையைப் பிடிச்சுப் பிடிச்சுக் கொடுத்தேன், அதனால நடந்த மாதிரி தெரிஞ்சுது."

அவன் மேஜை மேல் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு பட்டனாகப் போட்டான். ஏழு காஜாவுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பிறகு ரொம்பச் சாதாரணமாக, நாளைக்குப் பன் கொண்டுவருகிறேன் என்று சொல்கிற குரலில், "அக்கா, ரெண்டு பேண்ட் இருக்கு, இடுப்புல பிடிச்சுக் கொடுத்துடு. இன்னும் ரெண்டு சட்டை இதே மாதிரி லூஸா. வெயில் காலம் போகட்டும், நானே அவகிட்ட சொல்லிடறேன்" என்றான்.

"எப்படிச் சொல்வ?"

"எப்படியாவது."

"வெயில் போறப்ப என்ன அளவுடா இருப்ப?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். இந்தத் தடவை சட்டையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டான். அவன் பயந்துபோயிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுப்புக்குள் கையைவிட்டுத் தட்டை இழுக்கிறவன், யானை மாதிரி வளர்ந்தவன், பயத்தில் அக்காவிடம் வந்து சட்டைக்குள் ஒளித்து வைக்கச் சொல்லிக் கேட்கிறான்.

"தைக்க மாட்டேன்" என்றாள்.

"அக்கா."

"பிடிச்சும் தர மாட்டேன். ஒரு நூல் பிடிக்க மாட்டேன். நான் ஒருத்தருக்குப் பிடிச்சுக் கொடுத்தது போதும்."

அவள் போனை எடுத்தாள். தம்பி பெண்டாட்டி நம்பர் அழியாமல் அதில்தான் இருந்தது. எட்டு மாசமாகக் கீழே போய்க் கிடந்தது. அவன் "வேணாம்க்கா, லைப்ரரியில இருப்பா, பயந்துடுவா" என்று ரெண்டடி முன்னால் வந்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவ்வளவு நடந்ததற்கே மூச்சு வாங்கிற்று.

மணி நாலு தடவை அடித்தது. அஞ்சாவதில் எடுத்தாள்.

"அண்ணி?" அந்தப் பக்கம் குரல் தாழ்ந்து வந்தது. லைப்ரரிக் குரல். நாற்காலி நகர்கிற சத்தம். "என்ன அண்ணி? அவர் அங்க சாப்பிட வந்தாரா? எதாவது..."

"இங்க அவன் ஒரு நாளும் சாப்பிட்டதில்லம்மா."

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடி நகர்ந்தது.

"நீ அவன் சாப்பாட்டைக் குறைச்சியா?"

"நானா? இல்லையே. நீங்கதானே தினம்..."

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். புத்தகம் படிக்கிற பெண், சொல்லாததையும் சேர்த்துப் படித்துவிட்டாள்.

"இப்பத்தான் அளந்தேன்" என்றாள் நாலு விரலக்கா. "போன வருஷம் நாப்பத்தாறு. மூணு வாரத்துக்கு முன்னால நாப்பத்திநாலு. இன்னிக்கு நாப்பத்திரெண்டு. நீ வேலையை விட்டுட்டு உடனே கிளம்பி வா. நாம ரெண்டு பேருமா இவனை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

இந்தப் பக்கம் தம்பி மேஜையைப் பிடித்த கையை எடுக்காமல் தரையில் கிடந்த துண்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஜெராக்ஸ் கடையில் யாரோ எதையோ பத்துப் பிரதி கேட்டார்கள்.

"அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி கடைசியில். அன்றைக்குக் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இப்போது, ஆமாம், டேப் தப்புதான் என்று அண்ணி சொல்லிவிடமாட்டாளா என்று கெஞ்சிக் கேட்டாள். "உங்க டேப்பு... சரியா இருக்குமா அண்ணி?"

நாலு விரலக்காவின் கழுத்தில் ரெண்டு டேப்பும் தொங்கின. பழையது ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். அவள் ரெண்டின் முனையையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"சரியாத்தான்மா இருக்கு" என்றாள். "ரெண்டுலயும் பாத்துட்டேன்."